மூலம் என்று எழுதியிருந்தது

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. வீட்டுக் கூடத்தில் கிராஃப் தாளை நீளமாக விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து, அடிக்குச்சியால் அளந்துகொண்டிருந்தேன். வெளியே கள்ளக்குறிச்சி முழுக்க ஒரு வண்டிச் சத்தம் கிடையாது. எண்பத்தேழு செப்டம்பர், இடஒதுக்கீட்டு மறியலின் இரண்டாம் நாள். நாலு பக்கத்துச் சாலையிலும் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். தந்திக்கம்பத்தையும் விடவில்லை. ஊரில் எந்தப் போனை எடுத்தாலும் மூச்சு இல்லை.

தாளில் இருந்தது ஒரே ஒரு மசிக்கோடு. புதன்கிழமை விடிகாலை கடலூர்ப் பக்கத்துத் திடல் ஒன்றிலிருந்து நாங்கள் விட்ட பலூன், முப்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கே நகர்ந்துகொண்டே, தன் அடியில் தொங்கிய கருவி கண்டதையெல்லாம் ரேடியோவில் சொல்ல, தரையில் ஒரு பேனா இழுத்த கோடு அது. கோடு ஏறினால் காமாக்கதிர் அதிகம். இறங்கினால் குறைவு. கருவி நாற்பது நிமிடம் தெற்கே பார்க்கும், நாற்பது நிமிடம் வடக்கே பார்க்கும். மாற்றி மாற்றி.

தெற்கே, விருச்சிகத் தேளின் வால் பக்கத்தில்தான் நம் விண்மீன் கூட்டத்தின் நடு இருக்கிறது. பகலிலும் அது அங்கேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த மாதிரி இடங்களிலிருந்து காமாக்கதிர் வருகிறது. இருபத்தைந்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் நாலைந்துக்குத்தான் ஆள் யார் என்று தெரியும். மீதியெல்லாம் என்ன பொருள், எங்கிருந்து அந்தச் சக்தி என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் கோடு தெற்கே பார்த்தபோது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஏறியிருந்தது. புதன்கிழமை அதைப் பார்த்ததும் எங்கள் தலைவர், எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறவர், எழுந்து நின்று கைதட்டினார். புது மூலம், அதாவது கதிர் பிறக்கிற புது இடம், ஒன்று கிடைத்துவிட்டது என்று லட்டு வாங்கி வரச் சொன்னார். தாள் சுருளை என் கையில் கொடுத்து, "கட்டம் எண்ணிக் கணக்கு எடும்மா" என்றார். அந்த மாதிரி வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

கடைசி பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். பாராசூட் குடையில் இறங்கிய கருவியைக் கல்வராயன் மலையில் தேடி எடுக்கிற குழுவுக்கு நான்தான் உள்ளூர் ஆள். ஜீப் வியாழன் காலை வருவதாக ஏற்பாடு. மறியல் முந்திக்கொண்டது. சும்மா இருக்கவேண்டாமே என்று தாளை விரித்தேன்.

கருவி வடக்கே திரும்பியபோதும் கோடு இறங்கவில்லை.

அடுத்த முறை திரும்பியபோதும் இறங்கவில்லை. விண்மீன் கூட்டத்தின் நடுவில் இருக்கிற ஒரு பொருள், முதுகைக் காட்டினாலும் கூடவே வராது. கூடவே வருகிறது என்றால் அது வானத்தில் இல்லை. பெட்டியிலேயே இருக்கிறது.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பட்டாணி அளவில் ஒரு எஃகுக் குமிழ், உள்ளே கதிர் வீசும் சீசியம். கருவி சரியாக எண்ணுகிறதா என்று தரையில் வைத்துப் பார்ப்பதற்கானது. கனமான ஈயக் கிண்ணத்துக்குள் மூடி போட்டு, கருவியின் அடியில் திருகி வைத்திருப்போம். பலூன் கிளம்புவதற்கு முன் அதைக் கழற்றி எடுக்கவேண்டும். கழற்றுவது என் வேலை.

அன்று காலை கழற்றப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீசர்கள் இரண்டு கார்களில் வந்து இறங்கினார்கள். "மணிமொழி, பன்னெண்டு காபிக்கு ஏற்பாடு பண்ணும்மா" என்றார் டாக்டர். திடலில் பதினான்கு ஆண்கள் நின்றிருந்தார்கள். எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாக வந்தவள் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். போகும்போது மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். காபியை ஊற்றும்போதும் திட்டினேன். அதற்குள் பலூன் எழும்பிவிட்டது. ஈயக் கிண்ணம் என் நினைவுக்கே வரவில்லை. அவர்மேல் எவ்வளவு பழியைப் போட்டாலும், மறந்தவள் நான்தான்.

கிண்ணத்துக்குள் இருக்கிறவரை பெரிய ஆபத்து இல்லை. மூடியிடுக்கில் கசிந்த கொஞ்சம்தான் எங்கள் கோட்டை இரண்டு மடங்காக்கியிருந்தது. யாராவது திறந்து குமிழை வெளியே எடுத்தால்? அதற்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை, சூடு இல்லை. கையில் வைத்திருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. தெரிகிறபோது சதை வெந்திருக்கும்.

யார் திறப்பார்கள்? பெட்டிக்குத்தான் காவல் போட்டிருந்தேனே.

காவலுக்கு இருந்தது ராஜாங்கம் மாமா, அம்மாவின் தம்பி. கரியாலூரில் டீக்கடை வைத்திருக்கிறார். போன வாரம், மலை ஊர்களில் அறிவிப்பு ஒட்டப் போனபோது அவர் கடையில் உட்கார்ந்து பேசிய பேச்சு முழுக்க நினைவுக்கு வந்தது.

"இன்னா மருமவளே, டாக்டரு ஆவப்போறியாமே?" என்றார்.

"ஊசி போடற டாக்டர் இல்ல மாமா. காமாக்கதிர் மூலம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிக்கற படிப்பு."

டீ ஆற்றிய கை அப்படியே நின்றது. "மூலம் எங்கேருந்து வருதுன்னா இத்தினி வருஷமா படிச்ச? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேனே!"

கடையே சிரித்தது. அவருக்குப் பத்து வருடமாக மூலநோய். கல்லாவில் பஞ்சுத் தலையணை போட்டுத்தான் உட்காருவார்.

"சிரிக்காத. துத்தியெலை, கருணக்கெழங்கு, வெரல்ல மோதரம், எல்லாம் பாத்தாச்சி. ஒண்ணும் கேக்கல. நீ மேலேருந்து ஒரு மருந்து எறக்கு, பாப்போம்."

"ஒரு வாரத்துல எறக்கறேன் மாமா. வெள்ளைக் கொடை புடிச்சிக்கினு வரும். நீதான் காவல் இருக்கணும். வேற ஒருத்தரும் தொடக்கூடாது. நீ மட்டும்தான்."

நீ மட்டும்தான் என்று சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை.

கருவியின் ஒவ்வொரு பகுதியிலும் ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரும் எழுதவேண்டும் என்று டாக்டரிடம் சண்டை போட்டவள் நான். நம் ஊரில் விழப்போகிற பெட்டியில் நம் எழுத்தும் இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எழுதிக்கோ" என்றார். உணர்கலம், மின்கலம், கடிகாரம் என்று வெள்ளைப் பெயின்ட்டில் அழகாக எழுதினேன். ஈயக் கிண்ணத்தின் மூடியில், கதிர் ஆபத்தைக் காட்டும் மூன்று இதழ்க் குறிக்குப் பக்கத்தில், என்ன எழுதினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கதிர் வீசுகிற பொருளுக்கு நான் தமிழ் வழியில் படித்த பாடப்புத்தகத்தில் இருக்கிற சரியான சொல்லைத்தான் எழுதியிருந்தேன்.

மூலம்.

கூடத்திலிருந்து எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. யாரிடம் சொல்வது? போன் இல்லை, பஸ் இல்லை. போலீசுக்கு இருக்கிற வேலையில் பட்டாணி தேட வரமாட்டார்கள். மருத்துவமனைக்கு ஓடி டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "பேஷண்ட் எங்கே?" என்றார். மலையில் இருக்கிறார் என்றேன். குண்டடி பட்டவர்களைக் கொண்டு வருகிறார்களாம், படுக்கை இல்லை, வழியை விடு என்றார்.

குமிழை எடுத்து வைக்க ஈயம் வேண்டும். ஊரில் ஈயம் எங்கே இருக்கும் என்று யோசித்ததில் மைக்கேல்ராஜ் அண்ணனின் அச்சகம்தான் நினைவுக்கு வந்தது. மறியல் நோட்டீஸ் எல்லாம் என் அண்ணன் கூட்டம் அவரிடம்தான் அடிக்கிறது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஈய அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தா? உங்க அண்ணங்காரங்க குடுத்திருக்கிற நோட்டீசுக்கே 'க' பத்தலம்மா. தலைகீழா 'த'வ வெச்சி ஓட்டலாமான்னு பாத்துக்கினு இருக்கேன்."

"ஒடஞ்ச எழுத்து இருந்தாலும் போதும்ணே. ஈயமா இருந்தா சரி. ஒரு பொருளை மூடி வைக்கணும்."

"இன்னா பொருளு? வெடியா?" குரல் கம்மியானது. "எனக்குப் புள்ளைங்க கீதும்மா."

"வெடி இல்லண்ணே. எங்க மாமா உசிரு."

என் முகத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல், உருக்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த தேய்ந்த எழுத்துகளை ஒரு பால்மாவு டின் நிறைய அள்ளிப் போட்டார். ஆறு கிலோ இருக்கும். தூக்கும்போது உள்ளே உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கலகலவென்று உரசின.

அண்ணன் இளஞ்செழியன் கச்சிராயபாளையம் சாலையில், சாய்ந்துகிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். சுற்றி இருபது முப்பது பேர். என்னைப் பார்த்ததும் ஒருவன், "டேய், பலூன்காரி வந்துட்டாடா, மேல ஏத்திவுடச் சொல்லு, டெல்லிக்கே போய்க் கேட்டுக்கலாம்" என்றான். சிரிப்பு.

அண்ணனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். பாதிதான் புரிந்தது அவனுக்கு.

"காலையில போலாம் மொழி. ரோட்ட மறிச்சவனே தாண்டிப் போறேன்னா எவன் வுடுவான்?"

"மாமா சாவாரு."

"எவ்ளோ நேரத்துல?"

"தெரியல. அத எடுத்திருந்தா ஒவ்வொரு நிமிஷமும் ஜாஸ்தி."

இருட்டில் மலை ஏறமுடியாது, காட்டெருமை இருக்கிறது என்று அவன் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை என்பதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை விடியும்போது ஒரே சைக்கிளில் கிளம்பினோம். முன்னால் டின், பின்னால் நான். அரை மைலுக்கு ஒரு மரம் கிடந்தது. ஒவ்வொன்றிலும் சைக்கிளைத் தூக்கித் தாண்டினோம். ஒவ்வொன்றிலும் யாராவது கேட்டார்கள். "மாமாவுக்கு முடியல" என்றான் அண்ணன். விட்டார்கள். கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனபோது தூரத்தில் மண்பாதை வழியாகப் போலீஸ் வேன் வரும் சத்தம் கேட்டது. சைக்கிளோடு கரும்புக்குள் விழுந்தோம். கரும்புச் சோகை இலை கன்னத்தைக் கிழித்தது. டின் என் மடியில் இருந்தது. வேன் நின்றது. இறங்கிய பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரோ மூத்திரம் பெய்தார்கள். என் இதயம் அடிக்கிற அடியில் எழுத்துகள் குலுங்கிச் சத்தம் வருமோ என்று டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் அண்ணன் எழவில்லை.

"புடிச்சிருந்தா டின்னத் தொறந்து பாத்து, குண்டுக்கு ஈயம் கொண்டுபோறான்னு எழுதியிருப்பான்" என்றான்.

கோமுகி அணையைத் தாண்டியதும் சைக்கிளை ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு நடந்தோம். வளைவு வளைவாக ஏற்றம். அவனுக்கும் பயம். பயத்தில் பேசுவான்.

"இத்தினி ஆபத்தான சாமான வெச்சிக்கினு வானத்துல அப்படி இன்னாத்தத் தேடறீங்க?"

"அந்தக் கதிர் எதுலேருந்து வருதுன்னு. ரெண்டு விதமா சொல்றாங்க. செத்துப்போன விண்மீனு, உருண்டையா சுருங்கி, பம்பரமா சுத்திக்கினு தானே வீசுதுங்கறது ஒண்ணு. அங்க பொருளே இல்ல, வெறும் வாயு மேகம், எங்கேருந்தோ வேகமா வர்ற துகள் அது மேல மோதி மோதி, அந்த அடியில வருதுங்கறது இன்னொண்ணு."

"அடி வாங்கி மினுக்கறவன் நம்மாளு" என்றான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பத்து மணிக்கு, கரியாலூருக்கு ஒரு மைல் இருக்கும்போது, எதிரே சின்னக்கண்ணு வந்தார். சாமை விதைக்கிற மலைக்காரர். மாமா கடைக்குக் கடுக்காய் கொண்டு வந்து போடுகிறவர், என்னைச் சிறுமியிலிருந்து தெரியும். தோளில் நாட்டுத்துப்பாக்கி.

"உன் பெட்டிதான பாப்பா? என் கொல்லையிலதான் எறங்குச்சி. பத்திரமா கீது. உன் மாமாதான் ராவும் பகலும் காவலு."

"யாரும் தொறக்கலியே?"

"ஐயோ, ஒருத்தரையும் அண்ட வுடல. அடியில ஒரு கிண்ணம் இருந்துச்சி, நல்ல ஈயம். அத மட்டும் மாமா எனக்குக் குடுத்தாரு. துப்பாக்கிக்கு ரவை ஊத்திக்கினேன்." மடியிலிருந்து ஒரு பையை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். புதுசாக உருக்கிய ரவைகள், மிளகு மிளகாக.

"கிண்ணத்துக்குள்ள இருந்தது?"

"அது மருந்தாமே. மாமா எடுத்துக்கினாரு."

ஓடினேன். ஆறு கிலோவோடு அண்ணன் பின்னால் ஓடி வந்தான்.

சாமைக் கொல்லையில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. வெள்ளைக் குடைத்துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மாமா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் அத்தை தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் களி கொண்டு வந்து, கீரை அரிந்த அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாமா தலையணை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"வா மருமவளே! ஏண்டி, ஒரு வாரத்துல எறக்கறேன்னு சொன்ன, சொன்ன மாதிரியே எறக்கிட்டியே!"

இருபதடி தள்ளியே நின்றேன். "மாமா, அது எங்க?"

இடுப்பைத் தட்டிக் காட்டினார். "இங்கதான். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? மூலம்னு போட்டிருந்துச்சி. பக்கத்துல மூணு எறக்க வெச்ச ஃபேன் படம். சரி, சூடு தணிக்கற சாமான்னு புரிஞ்சிபோச்சி. அத்தெதான் துணியில வெச்சித் தெச்சி அரைஞாணுல கோத்துவுட்டா. வியாழக்கெழம காலையில கட்னது, அன்னிக்கே ரத்தம் நின்னுபோச்சி. பாரு, தரையில உக்காந்திருக்கேன்!"

வியாழன் காலையிலிருந்து சனி பத்து மணி. ஐம்பது மணி நேரம். கணக்கு தானாக ஓடியது, நிறுத்த முடியவில்லை.

"மாமா, அவுத்துப் போடு. இப்பவே. அது மருந்து இல்ல, வெஷம்."

"வெஷம்னா நான் நல்லா கீறனே?"

"கீறது வெளிய தெரியாது. உள்ள எரிஞ்சிக்கினு கீது. அவுத்துடு மாமா, கெஞ்சறேன்."

அவர் முடிச்சைத் தடவினார். துணியை அத்தை நெருக்கித் தைத்து, கயிற்றின் புரிக்குள்ளேயே நுழைத்து முறுக்கியிருந்தாள்.

"கையெடு! கையெடு மாமா! கயித்த அறு!"

அத்தை நிமிர்ந்தாள். "இன்னா சொன்ன? அரைஞாண அறுக்கறதா? உசிரோட கீற மனுசனுக்கா?"

மாமாவின் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. "அத அறுக்கறது பாடையில வெச்சப்பறம் மருமவளே. கொஞ்சம் இரு, பிரிச்சிக் குடுக்கறேன்." மறுபடியும் நகத்தால் தையலைக் கீறத் தொடங்கினார். கீறினால் துணி கிழியும், குமிழ் சாமைக்குள் விழும், யாரோ கையால் தேடுவார்கள்.

அண்ணன் டின்னை இறக்கிவிட்டு அரிவாள்மணையை நோக்கிப் போனான். "நீ வராத" என்று கத்தினேன். நேரமும் தூரமும், அந்த இரண்டுதான் கணக்கு. எவ்வளவு குறைந்த ஆள், எவ்வளவு குறைந்த நொடி. வீட்டிலிருந்து கொண்டு வந்த இடுக்கியை எடுத்தேன். டின் மூடியைத் திறந்து, நடுவில் குழி தோண்டி, எழுத்துகளை ஓரமாக ஒதுக்கினேன். அரிவாள்மணையை அத்தையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அத்தை என் முந்தானையைப் பிடித்தாள். கிழிந்தது.

மாமாவின் வேட்டியை இடுப்பில் நானே தள்ளினேன். கல்யாணம் ஆகாத பெண் செய்கிற காரியமா என்று அந்த மலையில் யாரும் கேட்கவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கண்ணில் என்ன கண்டாரோ, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். அலகை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக இழுத்தேன். கயிறு பத்து வருடக் கயிறு, எண்ணெய் குடித்துக் கெட்டியாக இருந்தது. இரண்டு இழுப்பு. மூன்றாவதில் அறுந்தது. இடுக்கியால் கவ்வித் தூக்கி, கையை நீட்டியபடியே ஓடி, குழிக்குள் போட்டு, எழுத்துகளை மேலே சரித்து மூடியை அழுத்தினேன். பதினெட்டு நொடி. எண்ணிக்கொண்டே செய்தேன்.

கொல்லைக்கு மேலே பாறைப் பிளவு ஒன்று இருந்தது. டின்னை அதற்குள் தள்ளி, நானும், எங்கள் பின்னாலேயே வந்துவிட்ட சின்னக்கண்ணுவும் கல்லை மேலே மேலே அடுக்கினோம். ஐம்பது அடிக்குள் ஆடு மாடு வரக்கூடாது என்றேன். கீழே எப்படியும் போலீஸ் தேடும், நானே இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான் அண்ணன்.

திரும்பி வந்தபோது அத்தை மாமாவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம், எட்டணா அகலத்துக்குச் சிவந்திருந்தது. "நேத்துலேருந்து அரிக்குதுன்னாரு. கயிறு உரசினதுன்னு வெளக்கெண்ண வெச்சேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் மகன் சுபாஷுக்கு என்னைக் கேட்டு மாமா நாலு வருடம் முன்னால் பேச்செடுத்தபோது, மூல நட்சத்திரத்துப் பெண் வந்தால் மாமனார் தங்கமாட்டார் என்று கூட்டத்தில் வைத்துச் சொன்னவள் அவள். எனக்கு அந்தக் கல்யாணத்தில் ஆசை இருந்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பட்ட அவமானத்தில்தான் மேலே படிக்கப் போனேன்.

"வூட்டுக்குள்ள வராமலே முடிச்சிட்டியேடி" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

அவளை அறையவேண்டும் போல் இருந்தது. அப்படி ஒரு மூடத்தனத்தை உண்மையாக்கிக் காட்டிவிட்டேனே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நட்சத்திரம் ஒண்ணும் பண்ணல அத்தெ. நான்தான் பண்ணேன். எடுக்க வேண்டியத எடுக்க மறந்தேன். எழுதக் கூடாதத எழுதினேன். வெளாட்டுக்கு மருந்துன்னேன்."

மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரான்சிஸ்டரை அணைத்தார். "சரி. இன்னா ஆவும், சொல்லு."

யாரிடமும் மென்று விழுங்கிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். டாக்டரிடம் பேசியிருக்கிறேன், கல்லூரி முதல்வரிடம் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர் முகத்தைப் பார்க்காமல், சாமைக் கதிரைப் பார்த்துத்தான் பேசினேன்.

"இப்ப ஒண்ணும் தெரியாது மாமா. பத்து, பதினஞ்சு நாள்ல அந்த எடம் வெந்த புண்ணாட்டம் ஒடையும். ஆழமா போவும். உள்ள கொடலு எவ்ளோ வாங்கிச்சின்னு எனக்குத் தெரியல. ரத்தம் பாக்கணும், மெட்ராசுக்குப் போவணும்."

"பொழைப்பனா?"

"தெரியல மாமா."

அவர் தலையாட்டினார். சாமைக் கதிர் ஒன்றைப் பிடுங்கி, உருவி, உள்ளங்கையில் கொட்டி ஊதினார். "ரத்தம் நின்னுதே?" என்றார். கேள்வியா, நியாயமா, தெரியவில்லை.

என் நோட்டில் இரண்டு தாள் கிழித்து, கீழே ஆஸ்பத்திரி டாக்டருக்கும், எங்கள் நிறுவனத்துக்கும் எழுதினேன். எந்தப் பொருள், எவ்வளவு வலிமை, எத்தனை மணி நேரம், உடம்பில் எந்த இடம், யார் கழற்றாமல் விட்டது. அண்ணன் தோளுக்கு மேலாகப் படித்தான்.

"உன் பேர ஏண்டி போடற? வேல போயிடும். நம்ம வூட்ல ஒருத்திதான் உத்தியோகத்துக்குப் போயிருக்க."

"எவ்ளோ நேரம், எவ்ளோ பவருன்னு பேர் போட்டு ஒருத்தர் சொன்னாத்தான் அவங்க நம்புவாங்க. இல்லாட்டி மாமாவப் பாத்து நல்லாத்தான கீறீங்கன்னு அனுப்பிடுவாங்க."

தூக்கிக்கொண்டு போகலாம், ஆள் கூப்பிடுகிறேன் என்றார் சின்னக்கண்ணு. மாமா ஒப்பவில்லை. பாடை மாதிரி என்னைத் தூக்காதே என்றார். நடந்தே இறங்கினோம், அவர் முன்னால், அத்தை நடுவில், நான் பின்னால். கயிறு இல்லாத இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நழுவியது. இடது கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு முறை அவர் நிற்கும்போதும் தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா என்று நான் கேட்டேன். வேட்டிதான் என்றார். ஐந்தாவது முறையிலிருந்து வேட்டி முனையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அடிவாரத்தில் முதல் மரம் குறுக்கே கிடந்தது. பையன்கள் கிளைக்கு ஒருவனாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வழிமறித்தான். "எங்க போறீங்க?"

"ஆசுபத்திரிக்கு" என்றேன்.

"யாருக்கு?" அவன் மாமாவை மேலும் கீழும் பார்த்தான். நல்ல உடம்பு, உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம் நடந்து வந்த மனிதர், நெற்றியில் வேர்வை. "இவருக்கா? கல்லு மாதிரி கீறாரே! இன்னா மாமா, வேட்டிய கையில புடிச்சிக்கினு போற, ராத்திரி எங்க தங்குன?"

மரத்தின் மேல் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"என் மருமவ அறுத்துட்டாடா" என்றார் மாமா. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி மரத்தைத் தாண்டப் போனவர், நடுவில் நின்று, வலது இடுப்பைத் துணியோடு சேர்த்துச் சொறிந்தார். அத்தை சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவே இல்லை. அப்படியே பிடித்தபடி அவளும் மரத்தைத் தாண்டினாள்.